மங்கை நிறுவப்பட்டது

சுடர்விழியின் ஊர் மயிலாடுதுறையை அடுத்த குத்தாலத்துக்குத் தெற்கே இரண்டு மைல். அப்பா இராஜாங்கம் முன்பு அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு வேலை பார்த்தவர். இப்போது ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்கிறார். அம்மா அம்சம் நூறு நாள் வேலைக்குப் போவார், அறுப்புக் காலத்தில் வயலுக்குப் போவார். அந்தத் தெருவிலிருந்து கணினி டிப்ளமோ படித்துவிட்டு, தினமும் காலை ரயிலில் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போன முதல் பெண் சுடர்விழிதான்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல மூட்டை கட்டுறா" என்பார் அம்சம். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அம்சம் சொன்னது ஏறக்குறைய சரி.

லினக்ஸ் என்பது விலையில்லாமல் கிடைக்கிற இயங்குதளம். அதோடு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்து, பெயர் வைத்து, ஆட்கள் பயன்படுத்தும்படி கொடுப்பதை வழங்கல் என்பார்கள். சுடர்விழி வேலை பார்த்த சிறிய நிறுவனம் 'நாற்று' என்ற பெயரில் ஒரு தமிழ் வழங்கலைத் தயாரித்தது. பள்ளிகளும் நூலகங்களும் பார்வையற்றோருக்கான பயிற்சி மையங்களும் அதை வாங்கின. வழங்கலில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிப் பொதியாக இருக்கும். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் உள்ளே என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது, யார் பராமரிக்கிறார்கள் என்று எழுத வேண்டும். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். பொதி சரியில்லை என்றால் அந்தப் பெயருக்கு உரியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாற்றில் அறுபத்து மூன்று பொதிகளில், 'பராமரிப்பவர்: இரா. சுடர்விழி' என்று இருந்தது. முதல் பொதியைக் கட்டிய அன்று அந்த வரியை அவள் கைப்பேசியில் படம் எடுத்து அப்பாவிடம் காட்டினாள். இராஜாங்கம் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்ஷியலும் போட்டிருக்கே" என்றார்.

அந்த அறுபத்து மூன்றில் ஒன்று மங்கை.

மங்கை ஒரு தமிழ்க் குரல். திரையில் இருக்கும் எழுத்துகளைப் படித்துச் சொல்லும். பார்வையில்லாதவர்கள் கணினியில் வேலை செய்வதே இப்படிப்பட்ட குரலை வைத்துத்தான். எந்த விசையை அழுத்தினார்கள், எந்த மொழியில் எழுத்து விழுகிறது, எங்கே பிழை என்று எல்லாவற்றையும் குரல் சொல்ல வேண்டும். குரல் இல்லாத கணினி அவர்களுக்கு வெறும் பலகை. மங்கையைத் தயாரித்தவர்கள் வெளிமாநிலத்தில் உள்ள ஒரு நிறுவனத்தார். நல்ல குரல். ழகரம் கூடச் சரியாக வரும். நாற்றில் இன்னொரு குரலும் இருந்தது. அது யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வந்தது. ஆனால் மூக்கடைத்த ரோபோ மாதிரிப் பேசும். அதற்கு 'தகரம்' என்று பெயர் வைத்தவன் நாகூர் அப்சர்.

அப்சருக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. அவன் நானா என்று கூப்பிடும் அண்ணன் ஹஸ்ஸானுக்கு தர்கா போகும் வழியில் கடை. பூ, ஊதுபத்தி, அத்தர், நேர்ச்சைக்குச் சர்க்கரை எல்லாம் அங்கே கிடைக்கும். அப்சர் பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் கடையில் சர்க்கரைப் பொட்டலம் மடித்தான். தராசு வேண்டாம், அவன் கையே போதும். "நான் கட்டின பொட்டலம் ஒண்ணு கூட எடை குறைஞ்சு வெளிய போனதில்ல" என்பான். பெருமையாகச் சொன்னாலும் அந்த வேலையை அவன் வெறுத்தான். சாகும்வரை பொட்டலம் மடிப்பதா என்று இருபத்தாறு வயதில் தஞ்சாவூர்ப் பயிற்சி மையத்தில் சேர்ந்து, ஒன்றரை வருடத்தில் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்டான். நாற்று அங்கேதான் அவனுக்குப் பழக்கமானது.

நாற்றின் உதவி எண்ணை எடுப்பதும் சுடர்விழியின் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அப்சர் கூப்பிடுவான். மங்கையை அவன் லாத்தா, அதாவது அக்கா, என்பான்.

"மேடம், மங்கை லாத்தா 'ஐம்பது'ன்னு சொல்ல மாட்டேங்குது. 'ஐ... ம்பது'ன்னு இழுக்குது. ஜலதோஷமா?"

"அடுத்த பதிப்புல சரி பண்றோம்ங்க."

"பண்ணுங்க. ஆனா அந்தத் தகரத்தை மட்டும் திரும்பக் கொண்டாந்துடாதீங்க. அது பேசினா வீட்ல பால் திரிஞ்சு போவுது."

இரண்டு வருடம் இப்படிப் பேசினார்கள். நேரில் பார்த்ததில்லை. ஒரு தடவை அவன் கேட்டான். "நெட் இல்லாத எடத்துல போய் ஒக்காந்தாலும் மங்கை பேசுமா? புயல் அடிச்சா எங்க ஊர்ல நாலு நாளைக்கு ஒண்ணும் வராது."

"பெட்டிக்குள்ளயே இருக்குங்க. நெட் வேணாம்" என்றாள் சுடர்விழி.

அன்றைக்கு அது உண்மை.

சென்ற ஆடியில் மங்கையின் சொந்தக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. குரலை யார் வேண்டுமானாலும் எங்கள் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம், ஆனால் நீங்கள் அதை நகலெடுத்து உங்கள் வழங்கலுக்குள் வைத்துக் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். நிறுவனத்தின் உரிமையாளர் செந்தில்குமார் சுடர்விழியைக் கூப்பிட்டார்.

"நாலாவது பதிப்புல குரலை எடுத்துடு. பொதி மட்டும் இருக்கட்டும். பொதியை நிறுவினா அது அவங்க தளத்துக்குப் போய்க் குரலை எடுத்துக்கணும். வெளியிலேர்ந்து வர்றது. நம்ம கை சுத்தம்."

"அப்ப பொதிக்குள்ள ஒண்ணும் இருக்காதே சார்."

"எங்க போய் எடுக்கணும்னு இருக்கும்ல. அது போதும்."

செந்தில்குமார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். அடுத்தவர் பொருளை அவர் வேண்டாம் என்ற பிறகு வைத்துக் கொடுப்பது திருட்டு. பார்வையில்லாத ஒருவர் தானே அந்தத் தளத்தைத் தேடிப் போய், ஆங்கிலப் பக்கத்தில் தடவித் தடவி இறக்குவதை விட, ஒரு பொதி அவருக்காகப் போய் எடுத்து வருவது உதவிதான். சுடர்விழியும் இதை ஒத்துக்கொண்டாள். அவள் கேட்டது மூன்றே விஷயம்.

"பேரை மாத்துவோம் சார். 'மங்கை'ன்னு போடாம 'மங்கை இறக்கி'ன்னு போடுவோம். நெட் வேணும்னு அட்டையில எழுதுவோம். இறங்கலைன்னா இறங்கலைன்னு சிவப்பா சொல்ல வைப்போம். அதுவரைக்கும் தகரம் பேசட்டும்."

"பள்ளிக்கூட டெண்டர்ல என்ன கேட்டிருக்கான்? 'தமிழ்க் குரல் உண்டா, இல்லையா.' உண்டுன்னு டிக் போடணும். 'உண்டு, ஆனா போய் எடுத்துட்டு வரணும்'னு கட்டம் இல்ல. தகரத்தைத் தூக்கு. போன தடவை அது பேசினதும் ஹெட்மாஸ்டர் சிரிச்சிட்டாரு. சிவப்புல பிழைன்னு எதுவும் வரக் கூடாது. இறங்கலைன்னாலும் நிறுவப்பட்டதுன்னு காட்டிட்டு, அப்புறம் நெட் வர்றப்ப சத்தமில்லாம இறக்கிக்கட்டும்."

"அது பொய்யில்லையா சார்?"

"பொதி நிறுவப்பட்டதா இல்லையா? நிறுவப்பட்டுச்சு. என்ன பொய்?"

சுடர்விழி சொல்லலாமா என்று தெரியாமலே சொன்னாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது இராஜாங்கம் சம்பாவுக்குக் கடையில் விதை வாங்கினார். மூட்டையில் ஒரு ரகத்தின் பெயர் தைத்திருந்தது. உள்ளே இரண்டு மூன்று ரகம் கலந்திருந்தது. பாதி வயல் கதிர் வந்து பழுக்கும்போது மீதி வயல் அப்போதுதான் கதிர் வெளியே வராமல் பொதி கட்டி நின்றது. பழுத்தது உதிர்ந்தது, பச்சையாக நின்றது மழையில் சாய்ந்தது. கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "மூட்டைதான் நம்மளது, விதை வெளியிலேர்ந்து வர்றது" என்றார்.

செந்தில்குமார் கேட்டுவிட்டுச் சிரித்தார். அங்கே வேலை செய்த இன்னும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஏம்மா, ரயிலேறித் தஞ்சாவூர் வந்தும் வயலை விட்டு ஏற மாட்டியா? இது சாஃப்ட்வேர். உங்கப்பா விதைக்கிறது இல்ல. காலைச் சேறு கழுவிட்டு வந்து ஒக்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். அன்று மாலைக்குள் பொதியைக் கட்டினாள். குரல் இறங்காவிட்டாலும் 'நிறுவப்பட்டது' என்று சொல்ல வைக்க ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதியது செந்தில்குமார் இல்லை. தட்டியது சுடர்விழியின் விரல்கள். தலைப்பில் 'பராமரிப்பவர்: இரா. சுடர்விழி' என்ற வரி பழையபடியே இருந்தது. வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டில் யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெயர் இன்னும் அறுபத்திரண்டு பொதிகளில் இருந்தது, அவை எல்லாம் நல்ல பொதிகள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்சர் கூப்பிட்டபோது அவன் குரலில் இருந்த சந்தோஷத்தில் அவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

"மேடம், திருவாரூர்ல ஒரு டிரஸ்ட்ல தட்டச்சர் வேலை. மாற்றுத்திறனாளிக்குன்னே ஒரு இடம். தேர்வுக்குக் கூப்பிட்டிருக்காங்க. எங்க மிஷின்லதான் அடிக்கணும், சொந்த லேப்டாப் கூடாதுன்னாங்க. 'நாற்று போட்டு வையுங்க, மங்கை உள்ளயே இருக்கு, அது போதும் எனக்கு'ன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

எதிர் மேசையில் செந்தில்குமார் இருந்தார். வாடிக்கையாளரிடம் நெட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"சரிங்க" என்றாள் சுடர்விழி.

"வேலை கிடைச்சா நானா கடையில கடைசியா ஒரு பொட்டலம் மடிச்சு உங்களுக்கு எடுத்துட்டு வர்றேன்."

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அந்த அறக்கட்டளையிலிருந்து உதவி எண்ணுக்கு அழைப்பு வந்தது. பேசியவன் சைபுல்லா. நாகப்பட்டினத்துக்காரன், அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். அலுவலக நெட் அன்று வராததால் தன் கைப்பேசியின் நெட்டை வைத்து நாற்றை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மேடம், மங்கை நிறுவப்பட்டதுன்னு பச்சையா வந்துடுச்சு. முடிஞ்சுதுல்ல?"

குரல் இறங்க அந்த நெட்டுக்கு இருபது நிமிடமாவது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பச்சை எழுத்து எதையும் நிரூபிக்காது என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

"பேசுதாங்க?" என்று கேட்டாள்.

"ஸ்பீக்கர்ல டிங்குன்னு சத்தம் வந்துச்சு மேடம். போனை எடுத்துட்டுக் கிளம்பட்டுமா? சாப்பிடப் போகணும்."

ஒரு வரியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். செந்தில்குமார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலக நெட் நாளைக்கு வந்துவிடும், கணினியைப் போட்டதும் தானாக இறங்கிக்கொள்ளும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சரிங்க. கிளம்புங்க" என்றாள்.

தேர்வில் யாரும் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று அந்த அறையின் நெட்டை மேலாளர் முதல் நாளே துண்டிக்கச் சொல்லிவிட்டார். இது சுடர்விழிக்குத் தெரியாது.

தேர்வன்று அறையில் நடந்ததை அவள் பிறகு சைபுல்லாவிடமிருந்து தெரிந்துகொண்டாள். அப்சர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். கணினிமுன் உட்கார்ந்து, குரலை எழுப்புகிற விசையை அழுத்தினான். சத்தம் இல்லை. திரும்ப அழுத்தினான்.

"அம்மா, குரல் வரல" என்றான்.

மேலாளர் குந்தவை, அருகில் இருந்த கணக்காளரைப் பார்த்தார். கணக்காளர் குனிந்து ஒரு பாட்டைப் போட்டார். ஸ்பீக்கர் அலறியது.

"ஸ்பீக்கர் நல்லாத்தானே இருக்கு" என்றார் குந்தவை.

"ஸ்பீக்கர் இல்லீங்க. மங்கை பேசல. அது இல்லாம எனக்கு எதுவும் தெரியாது."

சைபுல்லா பட்டியலைத் திறந்து பார்த்தான். 'தமிழ்க் குரல் மங்கை: நிறுவப்பட்டது' என்று பச்சையில் இருந்தது. அதைச் சத்தமாகப் படித்தான்.

"பாருங்க தம்பி, இருக்குன்னு எழுதியிருக்கு" என்றார் கணக்காளர். "எங்க கண்ணுக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியலைன்னா நாங்க என்ன பண்றது?"

யாரோ சிரித்தார்கள். தேர்வுக்கு வந்திருந்த மற்றவர்களாக இருக்கலாம்.

"ஒரு நிமிஷம் நெட் கொடுத்துப் பாருங்கம்மா, நாற்றுக்காரங்களுக்கு ஒரு போன் போடுங்க" என்று அப்சர் கேட்டான்.

"தேர்வு ஆரம்பிச்சாச்சு. போன் கூடாது. டைப் தெரியும்னுதானே வந்தீங்க? அடிங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு எழுந்திரிங்க, வெளிய ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. குந்தவை ஒரு கடிதத்தை வாசிக்க வாசிக்க, விரல் நினைவிலிருந்தே அடித்தான். அவன் வீட்டுக் கணினி திறந்தவுடனே தமிழில் இருக்கும். இந்தக் கணினி ஆங்கிலத்தில் இருந்தது. மங்கை இருந்தால் முதல் விசையிலேயே சொல்லியிருக்கும். அவன் இருபது நிமிடம் தமிழ் விசைகளை அடித்துக்கொண்டே போனான், திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் விழுந்துகொண்டே போயின. அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை. சைபுல்லா வாய் திறந்தபோது, "தேர்வுல உதவக் கூடாது" என்று குந்தவை நிறுத்திவிட்டார்.

அப்சர் முடித்துவிட்டு, "தப்பு இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றான்.

அந்தத் தாளை அச்செடுத்தார்கள். கணக்காளர் படம் எடுத்து ஒரு குழுவில் போட்டார். 'கண்ணை மூடிக்கிட்டு அடிச்ச தமிழ்' என்று கீழே எழுதியிருந்தார். இரண்டே நாளில் அது நாகூர் வரைக்கும் போனது. கடைக்கு வந்த ஒருவன் அதை அப்சருக்கு எதிரிலேயே படித்துக் காட்ட முயன்றான். படிக்க முடியாததால் எல்லோரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

சுடர்விழிக்குப் படம் வந்தது சைபுல்லாவிடமிருந்து. "இது உங்க நாற்றுல அடிச்சது மேடம்" என்று மட்டும் எழுதியிருந்தான்.

மாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். விசைப்பலகை அவளுக்கு மனப்பாடம். அரைப்புள்ளி வந்த இடத்தில் ந. சதுர அடைப்புக்குறி வந்த இடத்தில் ச. ஒரு நோட்டில் எழுத்தெழுத்தாக மாற்றி எழுதினாள். பாபநாசம் தாண்டும்போது முதல் பத்தி முடிந்தது. குத்தாலத்தில் இறங்க வேண்டியவள் மயிலாடுதுறை வரைக்கும் போய்விட்டாள். நடைமேடையில் உட்கார்ந்து கடைசி வரியை எழுதி முடித்து, முதலிலிருந்து படித்தாள். ஒற்றெழுத்து ஒன்று கூட விட்டுப்போகவில்லை. இருநூற்று எட்டுச் சொற்களில் ஒரு பிழையும் இல்லை.

மறுநாள் நோட்டை செந்தில்குமார் மேசையில் வைத்தாள்.

"சார், தப்பு நம்மளதுன்னு ஒரு கடிதம் கொடுங்க. அவருக்கு மறு தேர்வு வைப்பாங்க."

"நம்ம தப்பா? குரல் யாருது? வெளியில உள்ளவனுது. நெட்டை யார் புடுங்கினது? அவங்க. நம்ம பொதி நம்ம வேலையைச் செஞ்சிருக்கு. நிறுவப்பட்டுச்சு."

"அந்த வரியை நான் எழுதினேன் சார்."

செந்தில்குமார் குரலை இறக்கி, பிரியமாகச் சொன்னார். "அப்படின்னா ஒண்ணு செய். பொதியில உன் பேருதானே இருக்கு? நீயே எழுதிக் கொடு. நிறுவனத்துக்குத் தெரியாம நீ செஞ்ச பிழைன்னு எழுது. அந்தப் பையனுக்கும் நல்லதாப் போவும்."

அது பொறி என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மறு தேர்வு கிடைக்க வேறு வழி தெரியவில்லை. இரண்டு பக்கம் எழுதினாள். குரல் இல்லாமலே இருக்கிறது என்று காட்டும்படி பொதியைக் கட்டியது நான். அப்சர் சொன்னது உண்மை. அவர் அடித்த தாளை எழுத்தெழுத்தாக மாற்றி இத்துடன் இணைத்திருக்கிறேன், பிழை இருந்தால் காட்டுங்கள். கீழே கையெழுத்து, இன்ஷியலோடு.

கடிதத்தை அவளே திருவாரூருக்கு எடுத்துப் போனாள். குந்தவை நின்ற மேனிக்கே படித்தார்.

"வேற ஆளைப் போட்டாச்சும்மா" என்றார். "அவருக்கும் கால் முடியாது. அவர் குடும்பத்தையும் பார்க்கணும்ல? ஒவ்வொரு சாஃப்ட்வேர் கம்பெனியும் ஒரு லெட்டர் கொண்டாந்தா நாங்க தினம் ஒரு தேர்வு வெச்சுக்கிட்டிருக்க முடியுமா?"

"அவரைக் கூப்பிட்டு, அவர் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. படத்தையாவது அழிக்கச் சொல்லுங்க."

"அது அவங்க சொந்தக் குழு. நான் எப்படிச் சொல்றது?" என்றவர், கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். "இது இருக்கட்டும். உங்க ஆபீசுக்கு நாங்க ஒரு புகார் அனுப்பணும்."

புகார் நான்காம் நாள் தஞ்சாவூருக்கு வந்தது. செந்தில்குமார் அதையும், அவள் எழுதிய கடிதத்தின் நகலையும் சேர்த்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். ஒப்புதல் உன் கையெழுத்தில் இருக்கிறது, நான் என்ன செய்வது என்றார். அன்றே அவளை அனுப்பிவிட்டார். அவள் கிளம்புவதற்கு முன்பே பொதிகளின் தலைப்புகளை மாற்ற ஆரம்பித்தார்கள். அறுபத்திரண்டு பொதிகளில் செந்தில்குமாரின் பெயர் வந்தது. மங்கையில் மட்டும் 'பராமரிப்பவர்: இரா. சுடர்விழி' என்பதை மாற்றவில்லை. அந்த ஒரு வரியையும் மாற்றவில்லை. நாற்று நான்காம் பதிப்பு அப்படியே பள்ளிகளுக்குப் போனது.

வேலை போன மறுவாரம் அவள் நாகூருக்குப் போனாள். கையில் அந்த நோட்டு இருந்தது. தர்காத் தெருவில் ஹஸ்ஸானின் கடையைக் கேட்டதும் காட்டிவிட்டார்கள். "பொட்டலக்காரர் கடைதானே?" என்று சொன்னவன் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் எதையோ தேடினான். அவள் நிற்கவில்லை.

அப்சர் கடைக்குள் தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தான். தாளைக் கிழிப்பது, குவிப்பது, சர்க்கரையை அள்ளிப் போடுவது, மடக்குவது, நூலைச் சுற்றுவது எல்லாம் ஒரே ஓட்டமாக நடந்தது. ஹஸ்ஸான், "யாருங்க, என்ன வேணும்?" என்றார். அவள் பெயரைச் சொன்னதும் அப்சரின் கை ஒரு நொடி நின்று, திரும்ப ஓடியது.

"வாங்க மேடம்" என்றான். "குரலை வெச்சே கண்டுபிடிச்சிருப்பேன். பேரைச் சொல்ல வேணாம்."

"நீங்க அடிச்சதை முழுக்க மாத்தி எழுதிப் பார்த்தேன். ஒரு தப்பு கூட இல்லைங்க."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேலை போயிடுச்சு" என்றாள் கடைசியில். ஏன் அதைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்களுக்கு வேற கிடைக்கும். கண்ணு இருக்கு."

ஹஸ்ஸான் எழுந்து வாசல் பக்கம் போனார். அப்சர் மடித்துக்கொண்டே கேட்டான்.

"சைபுல்லா பேசினப்ப 'பேசுதா'ன்னு கேட்டீங்களாமே."

"கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஸ்பீக்கர்ல டிங்குன்னு வந்துச்சுன்னாரு."

"மங்கை டிங்குன்னா பேசும்? ரெண்டு வருஷம் அந்த லாத்தாவுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கேன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் 'சரிங்க'ன்னு சொன்னீங்க."

"ஆமா."

"சரி, விடுங்க" என்றான். குரலில் கோபம் இல்லை. "தகரத்தையாவது விட்டு வெச்சிருக்கலாம். ஏழு கழுதைக் குரலா இருந்தாலும், 'இங்கிலீஷ்ல அடிக்கிறே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கும். அங்க இருந்த மனுஷங்க ஒருத்தரும் சொல்லல."

அவள் எழுந்தாள். அவன் இன்னொரு தாளைக் கிழித்துக் குவித்தான். மடக்கினான். நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கையை நீட்டினான்.

"எடுத்துட்டுப் போங்க. கொண்டாந்து தர்றேன்னு சொல்லியிருந்தேன்ல. அம்மாகிட்ட கொடுங்க."

மற்ற பொட்டலங்களைப் போலவே இருந்தது. அதே மடிப்பு, அதே முடிச்சு. கையில் வாங்கியதும் அதன் எடை அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்தில் மயிலாடுதுறை வரைக்கும் அதை மடியில் வைத்திருந்தாள். நசுங்கிவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் அம்சம் கேட்டார், "நாகூர் போனேன்னியே, ஒண்ணும் வாங்கிட்டு வரலியா?"

சுடர்விழி பொட்டலத்தைக் கொடுத்தாள். அம்சம் நேர்ச்சைச் சர்க்கரை என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, முடிச்சைப் பல்லால் இழுத்துப் பிரித்தார். தாளை விரித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், உதறிப் பார்த்தார்.

"என்னடி, உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். பிறகு, "அந்தக் கண்ணு தெரியாத புள்ளை கட்டினதா? பாவம், போட மறந்துட்டான் போல."

"மறக்கல" என்றாள் சுடர்விழி.

அம்சத்துக்கு அது விளங்கவில்லை. தாளை மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, வேலை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டார்.